கருவிழியின் கரை

நவம்பரில் போ ஆற்றுச் சமவெளியில்
பத்தடிக்கு அப்பால் ஊரே கிடையாது.
அந்த மூடுபனிக்குள் பேருந்தைத் தவறவிட்டு
நடந்தே மொதேனா வந்து சேர்ந்தார் ஒரெஸ்தே.
இடக்கண்ணில் இன்னொரு பனி.
அது பதினெட்டு வருஷமாக விலகவில்லை.

கொத்தனார்.
பழைய தேவாலயச் சுவருக்குப் புதுப்பூச்சு.
தொட்டியில் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது
சாரத்திலிருந்து ஒரு செங்கல் அதில் விழுந்தது.
அவ்வளவுதான் என்கிறார்.
எத்தனை முறை கேட்டாலும்
அவ்வளவுதான்.

நான் மருத்துவரில்லை.
மூன்றாம் மாடிச் சுத்த அறையில்
செல் வளர்ப்பவள்.
என்னிடம் வந்தது
அவருடைய நல்ல கண்ணின் ஓரத்தில் கிள்ளிய
இரண்டு மில்லிமீட்டர்.
தும்மினால் பறந்துவிடும்.

வெள்ளை விழி முடிந்து கருவிழி தொடங்குமிடத்தில்
ஒரு கரை இருக்கிறது எல்லார் கண்ணிலும்.
(ஒரெஸ்தேவுக்கு நீலக் கண். அதற்கும் கருவிழி என்றுதான் பெயர்.)
உள்ளே தேயத் தேய
மேல்தோலைப் புதுப்பித்துத் தரும் செல்கள்
அங்கேதான் குடியிருக்கின்றன.
கரை வெந்துபோனால்
வெள்ளை வெள்ளமாக ஏறிவரும்,
ரத்த நாளங்களையும் இழுத்துக்கொண்டு.
ஜன்னலைச் சுவராக்கிவிட்டுத்தான் நிற்கும்.

முப்பத்தேழு பாகை.
ஞாயிற்றுக்கிழமையும் போய் உணவு மாற்றினேன்.
கிறிஸ்துமஸ் அவற்றுக்குத் தெரியாது.
எட்டாம் நாள் உருப்பெருக்கியில்
கல் பாவிய தெரு போல நெருங்கிக் கிடந்தன.
கொத்தனாரின் செல்கள்தான், சந்தேகமில்லை
என்று சிரித்தாள் இலாரியா.
பதினாறாம் நாள்
நாணய அகலத்துக்கு ஒரு தோல்.
முப்பத்தாறு மணி நேரத்துக்குள் கண்ணில் வைக்காவிட்டால்
அது குப்பை.
பெட்டியை மூடிக் கையெழுத்திட்டேன்.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு
என்பார்கள் ஓரவஞ்சனைக்கு.
நாங்கள் செய்தது
வெண்ணெய்க் கண்ணில் கடன் வாங்கி
சுண்ணாம்புக் கண்ணின் பாக்கியை அடைத்தது.
கடன் கொடுத்த கண்ணுக்கு
ஒரு வாரம் உறுத்தலோடு சரி.

கோடையில் வந்தார்,
பச்சை வால்நட் ஊறிய மது ஒரு புட்டியோடு.
நன்றி என்றவர் அடுத்த மூச்சில்
"பெஸ்னிக்குக்கு எப்போது?" என்றார்.

அப்போதுதான் தெரியும் எனக்கு,
தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தவன் இன்னொருவன் என்று.
வ்லோராவிலிருந்து படகில் வந்தவன்.
பத்தொன்பது வயது அப்போது.
இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பு.

கிள்ளுவதற்குக் கரையே இல்லாதவனுக்கு
என்னிடம் என்ன இருக்கிறது?
ஜப்பானில், யாரோ ஒருவருடைய ரத்தச் செல்லை
தான் ரத்தம் என்பதையே மறக்கவைத்து
கண்ணாகப் பழக்குகிறார்கள்.
நாலு பேருக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள்
என்று கட்டுரையில் படித்தேன்.
விலையைக் கட்டுரையில் எழுதுவதில்லை.
இருந்தும் சொன்னேன், ஜப்பான் என்று.
அவர் அதை ஒரு சீட்டில் எழுதி
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்,
முகவரி போல.

பிறகு சுவரைப் பற்றிச் சொன்னார்.
விபத்துக்குப் பிறகு மிச்சப் பூச்சை
ஒற்றைக் கண்ணோடு அவரே முடித்தாராம்.
ஊரே மெச்சியதாம்.
இந்த வசந்தத்தில் இரண்டு கண்ணோடு போய் நின்றபோதுதான்
ஆழம் திரும்பி வந்தது,
ஆழத்தோடு பிழையும்.
இடுப்புயரத்தில் சுவர் புடைத்திருந்தது,
ஆறு மாதக் கர்ப்பிணி போல.

பெஸ்னிக்கைக் கூட்டிப்போய்
பாவமன்னிப்புக் கேட்பதுபோல் சொல்லியிருக்கிறார்.
அவன் நேராகப் போய்
அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தானாம்.
ஓரங்குலம் தேடவில்லையாம்.

"தெரியுமா உனக்கு?"

"முதல் வருஷமே தடவிப் பார்த்துவிட்டேன்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"உனக்கு ஒரு கண்தானே இருந்தது, ஒரெஸ்தே."